மென்பனி விழுந்த நாள்

சுப்பீரியர்ப் பேரேரி கரை காணாக் கடலென முழங்கி அலையெறிய, அதனுள்ளே வளைந்த விரலொன்றை நீட்டினாற்போல் கிடக்கும் கிவீனா நிலமுனையின் குன்றுகள்மீது, நவம்பர்த் திங்களின் பதினைந்தாம் நாள் விடிந்துகொண்டிருந்தது. இலையனைத்தையும் உதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளோடு நின்ற மேப்பிள் மரங்கள், கைநீட்டி எதையோ இரந்து நிற்பார் போலக் குன்றுதோறும் நிரைநிரையாய் நிற்க, அவற்றின் அடியில் கணுக்கால் புதையக் குவிந்த சருகெல்லாம் உறைபனி கடித்து விறைத்து, கீழ்வானில் உருக்கி ஊற்றிய செம்புபோற் படர்ந்த ஒளியில் மினுமினுத்துக் கிடந்தன. குன்றுகளுக்குக் கீழே, ஊசியிலை மரங்கள் நெருங்கி இருண்ட சதுப்பு. சதுப்பின் வாயிலில், மரம் அரிந்து அணைகட்டும் நீரெலிகள் முன்னெப்போதோ தேக்கிவைத்த குளம். குளத்தினின்று சிறிது தொலைவில், அடிக்கட்டைகளைப் பெயர்த்துத் திருத்திய சிறு புலங்களும், அவற்றின் நடுவே மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய வீடுகளும். பின்லாந்திலிருந்து கடல்கடந்து வந்த எம் மக்கள் வாழும் ஊர் அது. மான்வேட்டைக்கென அரசு திறந்துவிடும் பதினாறு நாள்களில் அது முதல் நாளாதலின், எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் இல்லை. எந்த ஆடவனும் படுக்கையில் இல்லை.

இதனைப் படிக்கும் நல்லீர், மானை வீழ்த்துவது குறிதவறாக் கண்ணும் நடுங்காத கையுமே என்று நீங்கள் எண்ணக்கூடும். எம்மூரார் அவ்வாறு எண்ணுவதில்லை. காற்று எத்திசையினின்று வருகிறது, நிலம் ஈரமாய்க் கிடக்கிறதா உலர்ந்து கிடக்கிறதா, முகில் தாழ்கிறதா உயர்கிறதா என்பவையே வேட்டையைச் செய்கின்றன. வேட்டுவன் உடன்போகிறவன் மட்டுமே. வாடை சீராய் முகத்தில் வீசும் நாளில் மானின் மூக்கை ஏய்க்கலாம். புயலுக்கு முந்தைய பொழுதில், வரப்போகும் பட்டினியை உணர்ந்து அச்சம் மறந்து மேயும் மானை வெட்டவெளியிலேயே காணலாம். மழையில் ஊறிய சருகின்மேல் நிழல்போல் நடந்து அதன் படுக்கைவரை அணுகலாம். மழையும் பனியுமின்றிக் குளிர் மட்டும் இறுகிய நாளிலோ, அடியெடுத்து வைக்குந்தோறும் சருகு நொறுங்கும் ஓசை, மண்கலம் உடைந்தாற்போல் அடுத்த குன்றுவரை போய்ச் சேரும். அத்தகைய நாளிலும் செவியுடையவன் தன் அடியோசையைத் தானே கேட்டுக் கேட்டு, பாதத்தைத் திருத்தித் திருத்தி வைத்து ஒருவாறு பிழைத்துக்கொள்வான். செவியில்லாதவன் என் செய்வான்?

யல்மாரிக்குச் செவியில்லை. செம்புச் சுரங்கத்தின் ஆழத்தில், வெடிக்காமல் தங்கிவிட்ட வெடியொன்று காலந்தாழ்ந்து வெடித்து, உடனிருந்த இருவர் உயிரையும் அவனுடைய செவிப்புலனையும் பறித்துக்கொண்டு அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டே சுரங்கமும் மூடப்பட, கல்லும் கட்டையும் மண்டிய சிறுபுலமும், ஒரு பசுவும், காட்டில் அகப்படும் மானுமே அவன் வாழ்வாயின. செவியுள்ள நாளில் ஊரில் அவனை விஞ்சிய வேட்டுவன் இல்லை. செவியிழந்த முதலாண்டில் அவன் தனியே காடேகி, பதினாறு நாளும் தொலைவில் துள்ளி மறையும் வெண்வால்களையன்றி வேறொன்றும் காணாமல் திரும்பினான். இறகு விழுவதுபோல் தான் நடப்பதாக அவன் எண்ணிக்கொண்டிருக்க, மான்களுக்கோ அது எருது நடப்பதாகக் கேட்டது.

அவன் மனைவி சைமி, மெலிந்த உடலும் ஓயாத வாயும் உடையவள். மணமாகி ஒன்பதாண்டு கழிந்தும் மக்கட்பேறு வாய்க்காத வீட்டைத் தன் பேச்சொன்றினாலேயே நிறைத்து வைத்திருந்தவள். கணவன் செவியிழந்தபின்னும் அவள் பேச்சைக் குறைத்தாளில்லை. உதடுகளைத் திறந்து திருத்தமாய்ப் பேசக் கற்றுக்கொண்டாள், அவ்வளவே. தன் குரலின் உயரம் தனக்கே தெரியாத யல்மாரி, கோயிலிலும் கடையிலும் இரைந்து பேசுகையில், அவள் தன் உள்ளங்கையை அவன் மார்பின்மேல் மெல்ல வைப்பாள். அவன் குரல் தணியும். தன் தமையன் தாவெத்தியின் அடர்ந்த மீசை உதடுகளை மூடிக்கொண்டிருப்பதால் அவன் சொல்வது கணவனுக்கு விளங்கவில்லை என்று கண்டவுடன், மழிகத்தியும் வெந்நீருமாய் அவன் வீட்டு வாயிலில் போய் நின்றாள்.

“மீசை வேணுமா, மச்சான் வேணுமா? நீயே சொல்லுண்ணே.”

“இருவது வருசமா வளத்ததுடி,” என்று முனகினான் தாவெத்தி.

“அவரு காது முப்பத்தஞ்சு வருசமா கூட இருந்தது. உக்காரு.”

செவியிழந்த இரண்டாம் ஆண்டில், தானே நூற்ற ஆட்டுமயிர் நூலை ஐந்து மார் நீளத்திற்கு முறுக்கி, ஒருமுனையைக் கணவனின் இடக்கை மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் கையிலும் கட்டிக்கொண்டு, அவன் பின்னே அவளும் காட்டுக்குப் புறப்பட்டாள். ஒருமுறை இழுத்தால் நில் என்பது. இருமுறை இழுத்தால் அடியோசை மிகுகிறது என்பது. இழுத்த நூலை விடாமல் பிடித்திருந்தால், எங்கோ ஒரு குளம்பு அசைவதைக் கேட்கிறேன் என்பது. ஊரார் முதலில் நகைத்தனர். கன்றை ஓட்டிப்போகிறாள் என்றனர். அவ்வாண்டு மழை மிகுந்திருந்தது. ஊறிக் குழைந்த சருகின்மேல் அவனுடைய கால்களும் அவளுடைய செவிகளும் ஓருடலாய்ச் சென்று, எட்டாம் நாளே கிளைத்த கொம்புடைய கலைமானொன்றை வீழ்த்திவர, நகைத்த வாய்களே அவர்கள் வீட்டில் விருந்துண்டன.

மூன்றாம் ஆண்டாகிய இவ்வாண்டிலோ வானம் கண் திறக்கவில்லை. விடியுமுன் எழுந்து, இருள் கவிந்தபின் திரும்பி, பன்னிரண்டு நாள் அவ்விருவரும் நொறுங்கும் சருகில் நடந்தனர். நூல் இருமுறை இழுபட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் இழுப்பிற்கும் அவன் நின்று, பாதத்தை இன்னும் மெல்ல வைக்க முயன்று, மீண்டும் இழுபட்டு, நாள் முதிர முதிர அவன் தோள்கள் தாழ்ந்தன. தன் தவற்றைத் தான் கேட்கவியலாமல், பிறர் சொல்லியே அறிந்து, அறிந்தும் திருத்தவியலாமல் நிற்பதைவிடக் கொடிய நாணம் ஆடவனுக்கு வேறென்ன உண்டு?

பன்னிரண்டாம் நாள் மாலை, தான் மூன்றாம் நாளில் வீழ்த்தியிருந்த மானின் பின்தொடையொன்றைத் தோளிற் சுமந்துவந்து மேசைமேல் வைத்தான் தாவெத்தி.

“எதுக்கு இது?” என்றான் யல்மாரி, சுவர் அதிரும் குரலில்.

“திங்கறதுக்குத்தான். பின்ன மாட்டி வச்சு அழகு பாக்கவா?”

“உன் வீட்ல ஆறு வாய் இருக்கு. எடுத்துட்டுப் போ.”

“மச்சான், நீங்க ரெண்டு பேரும் சருகுல நடக்கற சத்தத்துல என் பசு மிரண்டு போய் பால் குறைச்சுக் குடுக்குது. இந்த வருசம் விட்டுடு. பனியும் இல்ல, மழையும் இல்ல. காது இருக்கறவனுக்கே ஒண்ணும் அகப்படல.”

“உனக்கு அகப்பட்டுதே.”

“அது மான் இல்ல மச்சான், பைத்தியம். தானா வந்து என் எதிர்ல நின்னுச்சு. சுடாட்டி கோவிச்சுக்கும்போல இருந்துது.”

சைமி வாய்விட்டு நகைத்தாள். யல்மாரியின் உதட்டோரத்திலும் நகை அரும்பிற்று; ஆயினும் அவன் அத்தொடையை மெல்ல மைத்துனன்பாலே தள்ளிவிட்டு எழுந்து, பசுவைப் பார்க்கக் கொட்டிலுக்குப் போனான். அவன் சென்றபின் சைமி தமையனின் கையைப் பற்றினாள்.

“தப்பா நினைக்காதண்ணே. கறி இல்லாட்டி நாங்க கிழங்கும் உப்பு மீனும் தின்னு குளிர்காலத்த ஓட்டிடுவோம். அவரு ஓட்டணுமே. ராத்திரி படுத்துக்கிட்டு தன் காலத் தானே பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு மான், ஒண்ணே ஒண்ணு, அவரு கையால விழுந்தா போதும்.”

“வானம் மனசு வைக்கணும்,” என்றான் தாவெத்தி.

வானம் மனம் வைத்தது. மறுநாள் காலை அவள் கதவைத் திறந்து வெளியே நின்றபோது, பன்னிரண்டு நாளாய்ச் செவியில் இரைந்துகொண்டிருந்த ஏரியின் முழக்கம் இல்லை. வாடை ஓய்ந்து, கீழ்த்திசைக் கொண்டற்காற்று ஈரத்தோடு கன்னத்தைத் தொட்டது. சாம்பல் நிற முகில்கள் மரமுடிகளைத் தொடுமளவு தாழ்ந்திருந்தன. அவள் உள்ளே ஓடிக் கணவனின் முகத்தைத் தன்பால் திருப்பினாள்.

“ஏரி வாய மூடிட்டுது. காத்து கிழக்கே திரும்பிடுச்சு. பனி வரப்போகுது, யல்மாரி. காஞ்ச பனி இல்ல, ஈரப்பனி.”

நண்பகலில் தொடங்கிய பனி, கிழித்தெறிந்த பஞ்சுபோல் கனத்த துகள்களாய், ஆடாமல் அசையாமல் நேர்நேராய் இறங்கி, அன்று முழுவதும் பெய்து, மறுநாள் விடியலில் ஓய்ந்தது. சருகும் சுள்ளியும், கல்லும் கட்டையும், பாதையும் பள்ளமும் ஒரே வெண்மையில் அடங்கின. காகம் கரைந்தால் அக்கரைதல் அதன் அலகிலேயே தங்கிற்று. கோடரி விழுந்தால் அவ்வோசை மரத்தைத் தாண்டவில்லை. சைமி முற்றத்தில் இறங்கிப் பத்தடி நடந்து பார்த்து, திரும்பி நின்று கணவனை நோக்கிச் சிரித்தாள்.

“இன்னிக்கு ஊர்ல எல்லாருமே செவிடுதான். நீ மட்டும் இல்ல.”

அவள் உதடுகளைப் படித்த யல்மாரி நெடுநேரம் நகைத்தான். அவ்வளவு நகைப்பை அவ்வீடு மூன்றாண்டுகளாய்க் கண்டதில்லை. அவள் அவன் மார்பில் கை வைக்கவுமில்லை. இரைந்தே நகைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

குன்றின் அடிவாரத்திலேயே தடம் கிடைத்தது. அகன்ற குளம்பு, பின்புறச் சிறுவிரல்களும் பதிந்த ஆழம், காலைத் தூக்காமல் இழுத்து நடந்த கீறல், விளிம்பு கலையாத கூர்மை. சற்று முன்னரே சென்ற முதிர்ந்த கலைமான் அது என்று யல்மாரி விரல்களால் காட்ட, சைமி தலையசைத்தாள். காற்று மேலைத்திசைக்கு மாறி, மெல்லென அவர்கள் முகத்தில் பட்டது. தடமோ அதே மேலைத்திசை நோக்கிச் சதுப்பிற்குள் சென்றது. இருவரும் நடந்தனர். நூல் தளர்ந்தே கிடந்தது. அதனை இழுக்க அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. அவனுடைய ஒவ்வோர் அடியும், தாய் துயிலும் பிள்ளையின்மேல் போர்வை இடுவதுபோல் ஓசையின்றி விழுவதைக் கேட்டுக்கொண்டே, கேட்பதற்கு ஒன்றுமில்லாத மகிழ்ச்சியில் அவள் பின்சென்றாள்.

தடம் நீரெலிக் குளத்தின் குறுக்கே சென்றது. பன்னிரண்டு நாள் கடுங்குளிரில் குளம் ஒரு சாண் தடிமனுக்கு உறைந்திருந்தது. ஆயினும் வடகரையோரம், அடியிலிருந்து ஊற்றொன்று சுரக்குமிடத்தில் மட்டும் பனிக்கட்டி எப்போதும் மெலிந்தே இருக்கும். வெறும் பனிக்கட்டியாயின் அவ்விடம் கருநீலமாய்த் தனித்துத் தெரியும். எம்மூரில் எவரும் அதை மிதியார். அன்றோ குளம் முழுவதும் ஒரே வெண்மையாய், வெளுத்து விரித்த துணிபோல் கிடந்தது. யல்மாரி மானின் அடியிலேயே அடிவைத்து நடுவே கடந்தான். அக்கரையை அடைந்ததும் அவன் உடல் விறைத்தது. அறுபது அடி தொலைவில், ஊசியிலைகளின் ஊடே, பனியை முகர்ந்தபடி நின்றது கலை.

அவன் திரும்பி, குளத்தின்மேல் நின்ற மனைவிக்கு உள்ளங்கையைக் காட்டினான்: அங்கேயே நில். பின்னர்ச் சுடுகலனைத் தாங்கவேண்டிய இடக்கையினின்று நூலை அவிழ்த்துப் பனிமேல் வைத்துவிட்டு, வயிற்றால் ஊர்ந்து மரங்களுக்குள் புகுந்தான்.

அப்போதுதான் காற்று மீண்டும் திரும்பியது. முகத்தில் பட்டுக்கொண்டிருந்த குளிர் தன் பிடரிக்கு மாறியதைச் சைமி உணர்ந்தாள். கீழைக்காற்று தன் மணத்தைச் சுமந்துபோய் இன்னும் சில நொடிகளில் மானின் மூக்கில் சேர்க்கும் என்பதையும், பன்னிரண்டு நாள் பட்ட பாடெல்லாம் ஒரு மூச்சில் கெடும் என்பதையும் அவள் அறிந்தாள். எனவே காற்றின் வழியைவிட்டு ஒதுங்கினாள். வடக்கு நோக்கி, பக்கவாட்டில், ஒவ்வோர் அடியாக, ஓசையின்றி. பதினான்காம் அடியில் அவள் காலின் கீழிருந்த வெண்மை திறந்துகொண்டது.

குளத்திற்குக் கிழக்கே, மேப்பிள் குன்றின் சரிவில் விறகு வெட்டிக்கொண்டிருந்த தாவெத்தி ஒரு குரலைக் கேட்டான். அது தங்கையின் குரல் என்பதை அவன் குருதி அறிந்தது. எங்கிருந்து வருகிறது என்பதைச் செவி அறியவில்லை. மரமும் மண்ணும் பனியால் மூடுண்டிருந்தமையின் எதிரொலி இல்லை. அருகா தொலைவா, வலமா இடமா என்று காட்டும் அடையாளம் எதுவும் அக்குரலில் எஞ்சவில்லை. கம்பளிக்குள் வாய்வைத்துக் கூவினாற்போல் அது எங்குமிருந்து வந்தது, எங்கிருந்தும் வரவில்லை. வீட்டுப்பாதையில் அவள் விழுந்து அடிபட்டிருப்பாள் என்று எண்ணி, கோடரியை எறிந்துவிட்டு அவன் பாதையை நோக்கி, குளத்திற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். இருமுறை இன்னும் கேட்டது. பின்னர்க் கேட்கவில்லை.

அந்நேரம் யல்மாரி மூச்சை அடக்கி, கலையின் தோள்பட்டைக்குப் பின்னே குறிவைத்துக்கொண்டிருந்தான். மான் சட்டெனத் தலைநிமிர்ந்து, செவிகளைக் குவித்து, அவன் பின்புறமாய்க் குளத்தின் திசையை நோக்கிற்று. எதைக் கேட்டது என்று அவன் அறியான். அது அசைவற்று நோக்கிய அந்நொடியே அவனுக்கு வாய்த்த நொடியாயிற்று. சுட்டான். மான் ஒருமுறை துள்ளி, முன்கால் மடிந்து சரிந்தது.

அவன் எழுந்து ஓடி, வெதுவெதுப்பான அதன் கழுத்தில் கை வைத்து, அதன் கண் மங்கும்வரை மண்டியிட்டிருந்தான். பின்னர் எழுந்து குளத்தின்பால் முகந்திருப்பி, தன் குரலின் அளவறியாத குரலால், “சைமி, விழுந்துடுச்சு. வந்து பாரு,” என்றான். அவள் வருவாள் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தான். சிரித்த முகத்தோடே கரைக்கு நடந்தான். வெண்குளத்தின்மேல் கருஞ்சிவப்பு நூல் வளைந்து வளைந்து கிடந்தது. அதன் மறுமுனை ஒரு கரிய நீர்வாய்க்குள் இறங்கியிருந்தது.

சுட்ட ஓசை கேட்டுத் திசையறிந்து திரும்பி ஓடிவந்த தாவெத்தி கண்டது, மார்பளவு நீரில் பனிக்கட்டியை முட்டியாலும் முழங்கையாலும் உடைத்துக்கொண்டிருந்த மச்சானை. அவனும் படுத்து ஊர்ந்து, அவனும் உடைத்து, இருவரும் அவளைக் கரைசேர்த்தனர். தம் மேலாடைகளைக் கழற்றிப் போர்த்தினர், கைகளைத் தேய்த்தனர், வாயில் மூச்சை ஊதினர். அவள் முகத்தில் வியப்பொன்றே இருந்தது. வேறு எதுவும் அங்கு இல்லை.

நெடும்பொழுது கழித்து யல்மாரி தலைநிமிர்ந்து, மைத்துனனின் மழித்த வாயையே நோக்கினான்.

“கூப்பிட்டாளா?”

தாவெத்தி அவள்மேல் போர்த்திய ஆடையை இழுத்துச் சரிசெய்தான்.

“சொல்லு மச்சான். நான் அறுபது அடியில இருந்தேன். கூப்பிட்டாளா?”

“இல்ல,” என்றான் தாவெத்தி, உதடுகளைத் தங்கை கற்றுத் தந்தவாறே திருத்தமாய் அசைத்து. “ஒரு சத்தமும் இல்ல. துப்பாக்கிச் சத்தம் கேட்டுத்தான் நான் வந்தேன். குளிர்ல மூச்சு அடைச்சு உடனே போயிருப்பா.”

யல்மாரி அவன் முகத்தை இன்னும் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டுத் தலைகுனிந்தான். மானை இழுத்துச் செல்லக் கொண்டுவந்திருந்த சறுக்குப் பலகையில் அவளைக் கிடத்தி, இருவரும் இழுத்து வீடு சேர்த்தனர். ஈரப்பனியின்மேல் அப்பலகை சிறிதும் ஓசையெழுப்பாமல் வழுக்கிச் சென்றது.

மறுநாள், ஊர்ப்பெண்டிர் அவளைக் குளிப்பாட்டி உடுத்திக்கொண்டிருக்கையில், யல்மாரி ஒருவரிடமும் சொல்லாமல் குளத்திற்குப் போனான். தேடிப்போன தாவெத்தி, அவன் கரையோரம் குந்தியிருந்து அவளுடைய அடிச்சுவடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கண்டான். பதின்மூன்று சுவடுகள், ஒன்றன்பின் ஒன்றாய், பக்கவாட்டில், நுனிவிரலில் ஊன்றி வைத்தவை.

“காத்து திரும்பியிருக்கு,” என்றான் யல்மாரி, தரையை நோக்கியே. “நான் கவனிக்கல. மான்மேலயே கண்ணா இருந்துட்டேன். அவ கவனிச்சிருக்கா. தன் வாசனை மானுக்குப் போயிடக்கூடாதுன்னு ஒதுங்கியிருக்கா.”

தாவெத்தி அவன் தோளைத் தொட்டு, அவன் முகத்தைத் தன்பால் திருப்பினான்.

“மான் அங்கயே கிடக்குது மச்சான். விறைச்சுப் போய் நல்லாத்தான் இருக்கு. உனக்கு வேண்டாம்னா சொல்லு, ஊர்ல யாருக்காவது குடுத்துடறேன். உன் கண்ணுல படாம பாத்துக்கறேன்.”

“வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வா. அது அவ எனக்கு வாங்கிக் குடுத்தது.”

அக்குளிர்காலம் முழுவதும் அவன் அம்மானைத் தின்றான். உப்பிட்ட சாடியினின்று ஒவ்வொரு நாளும் ஒரு துண்டம் எடுத்து, கிழங்கோடு வேகவைத்து, மேசையில் அவளிருந்த பக்கம் முகம் வைத்து அமர்ந்து, எலும்பில் ஒட்டியதும் வீணாகாமல் உண்டான். பார்த்த சிலர் அவனுக்கு நெஞ்சே இல்லை என்றனர். வேறு சிலர், சுவை தெரியாமல் மெல்லுகிறான் என்றனர். இருசாராரும் அறியார், அம்மேசையில் அவன் நாள்தோறும் இடையில் உண்பதை நிறுத்தித் தலைகுனிந்திருந்த பின்னரே மீதியை உண்டு முடித்தான் என்பதை. தாவெத்தியோ நாள்தோறும் வந்தான், விறகு பிளந்து தந்தான், பசுவைக் கறந்தான், கண்ணுக்குக் கண் பார்க்காமல் போனான். மழலைப் பருவத்திலிருந்து தான் தூக்கி வளர்த்த தங்கையின் குரலை, பாதையில் ஓடிய தன் கால்களின் கீழேயே அவன் ஒவ்வொரு காலையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கோடை வந்தது. சூலைத் திங்களில் ஒருநாள் இருவரும் யல்மாரியின் புலத்தில் புல்லறுத்து, நண்பகலில் புற்போரின் நிழலில் அமர்ந்து புளித்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தனர். தேனீக்கள் மலர்தோறும் இரைந்தன. யல்மாரி குவளையைக் கீழே வைத்தான். அவனுடைய குரல், கை வைத்துத் தணிப்பார் இல்லாத இந்நாள்களில், மிகத் தாழ்ந்து ஏறத்தாழ முணுமுணுப்பாகவே ஆகியிருந்தது.

“அவ கூப்பிட்டா, இல்லையா?”

தாவெத்தியின் குவளை பாதிவழியில் நின்றது.

“அன்னிக்கே தெரியும் மச்சான். உன் வாய் இல்லன்னு சொல்லுச்சு, முகம் வேற சொல்லுச்சு. நான் முகத்தப் பாத்துத்தான் பிழைக்கறவன். மானும் தலையத் தூக்கி என் பின்னால பாத்துது. அது எதையோ கேட்டுது. நான் அத நல்ல நேரம்னு நினைச்சு சுட்டேன்.”

தாவெத்தி குவளையைப் புல்மேல் வைத்தான். பின்னர், முகத்தை மறைக்காமல் நேரே திருப்பிக்கொண்டு பேசினான்.

“மூணு தடவ கூப்பிட்டா. எனக்குக் கேட்டுது. உனக்காக மட்டும் நான் பொய் சொல்லல மச்சான். எனக்காகவும்தான். கேட்டதும் நான் பாதைப் பக்கம் ஓடினேன். தப்பான பக்கம். எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. நேரா ஓடியிருந்தா கைய நீட்டிப் பிடிச்சிருப்பேன். எட்டு மாசமா அந்தப் பாதையிலதான் ஓடிக்கிட்டிருக்கேன்.”

யல்மாரி ஒவ்வோர் அசைவையும் படித்தான். அவன் முகத்தில் சினம் தோன்றும் என்று காத்திருந்தான் தாவெத்தி; அது தோன்றவில்லை.

“நல்ல காது ரெண்டும் இருந்த உனக்கே அந்தப் பனியில திசை தெரியல,” என்றான் யல்மாரி மெல்ல. “என்னன்னு கூப்பிட்டா?”

“உன் பேரைத்தான்.”

“என் பேரையா.”

“மூணு தடவையும். உனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும்.”

“இல்ல,” என்று தலையசைத்தான் யல்மாரி. “மறந்திருப்பா. சில நாள் கொட்டில்ல இருந்து மறந்துபோய்க் கூப்பிடுவாளாம். அப்புறம் ஓடி வந்து, கூப்பிட்டேன், நீ வரலன்னு சொல்லிச் சிரிப்பா.” தாவெத்தி நகர்ந்து அருகில் அமர்ந்தான். இருவர் தோளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு குலுங்கின.

அன்பரீர், குற்றம் இன்னாரது என்று எடுத்து ஒருவர் கையில் கொடுக்கக்கூடிய துயரம் ஆறிவிடும் துயரமே. அவன் ஏங்கிக் காத்திருந்த பனியே அவனுக்கு மானை ஈந்தது. அப்பனியே குளத்தின் மெலிவை மூடிற்று. அதுவே அவள் குரலையும் விழுங்கிற்று. அவனுக்காக அவள் ஒதுங்கினாள். அவளுக்காகத் தமையன் ஓடினான். ஒருவரும் அன்பின்றி ஓரடியும் வைக்கவில்லை. பனிமேல் எவரும் வழக்குரைக்க இயலாது; காற்றை நிறுத்திக் கேள்வி கேட்க இயலாது. எஞ்சியிருப்போர் ஒருவர்க்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொண்டு, அதன் கனத்தைப் பகிர்ந்துகொண்டு, அறுத்த புல்லை வாரிச் சேர்க்க வேண்டும்; அவ்வளவே மாந்தர்க்கு விதித்தது.

மேற்கே முகில் கறுத்தது. தொலைவில் இடி உருண்டதைத் தாவெத்தி கேட்டு, மச்சானின் தோளைத் தட்டி வானத்தைக் காட்டினான். இருவரும் எழுந்து, கவைக்கோல்களை எடுத்துக்கொண்டு, விரைந்து புல்லை வாரிப் போரில் ஏற்றினர். கடைசிக் குவியலை ஏற்றுமுன்னரே மழை பெருந்துளிகளாய் இறங்கிவிட, கொட்டிலின் கூரைக்கீழ் ஒதுங்கி நின்றனர். ஒருவன் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தான், மற்றவன் பார்த்துக்கொண்டிருந்தான்.